கைடு கோடு நேர், நட்சத்திரம் முட்டை: மன்னவனூரில் மவுண்ட், கேமரா கோளாறுகள்

மன்னவனூர் மேடு

வணக்கம். வானத்தைப் படமெடுக்கும் ஒரே செட்டப்பில் நாலு கோளாறு. எங்கே கேட்டாலும் நாலுக்கும் சேர்த்து “போலார் அலைன்மென்ட் பாருங்க” (தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டின் அச்சு வானத் துருவத்துக்கு நேராக இருக்கிறதா என்று) என்றே பதில் வருகிறது. அதைப் பார்த்தாகிவிட்டது, அதனால் முழு விவரத்தோடு இங்கே கேட்கிறேன்.

கருவி: 80 மிமீ எஃப்/6 ரிஃப்ராக்டர், அதாவது 480 மிமீ குவியத்தூரம். பின்னால் ஃபிளாட்னர் (படத்தின் ஓரத்தையும் கூர்மையாக்கும் லென்ஸ்), 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள கூலிங் கலர் கேமரா. எச்ஈக்யூ5 மவுண்ட். ஃபைண்டர் ஷூவில் 50 மிமீ கைடுஸ்கோப் (ஒரு நட்சத்திரத்தைக் கண்காணிக்கும் சிறு குழாய்), குவியத்தூரம் 200 மிமீ. மினி பிசியில் படமெடுப்பை நடத்தும் நைனாவும், கைடு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்தும் பிஎச்டி2-வும் ஓடுகின்றன. மின்சாரத்துக்கு 12 வோல்ட், 42 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி.

1. பிஎச்டி2 கோடு அழகாக ஓடுகிறது, ஆர்எம்எஸ் (சராசரி விலகல்) 0.9 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்). ஆனாலும் 3 நிமிட ஃபிரேமில் எல்லா நட்சத்திரமும் முட்டை வடிவம்.
2. சில நாள் ஆரம்பத்திலேயே கோ-டூ (மவுண்ட் தானே இலக்குக்குத் திரும்புவது) பல டிகிரி தள்ளிப் போகிறது. சில நாள் சரியாக இருக்கிறது.
3. இரவு 11-க்கு மேல் படத்தின் நடுவில் மங்கலான கறை. ஃபிளாட் (தூசி, நிழலைக் கழிக்க எடுக்கும் சீர்வெளிச்சப் படம்) போட்டும் போகவில்லை.
4. ஏறக்குறைய 1 மணிக்கு கேமரா துண்டித்துக்கொள்கிறது, சில நிமிடத்தில் மவுண்டும் நின்றுவிடுகிறது. கரினா நெபுலா தெற்கே உச்சிக்கு வரும் நேரம் அது, அதனால்தான் அதிக வருத்தம்.

குந்தா கூர்நோக்கி

நாலும் நாலு தனிக் காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் கோளாறுக்கு மூன்று விவரம் வேண்டும்.

ஒன்று, முட்டையின் நீட்சி படம் முழுக்க ஒரே திசையிலா, இல்லை ஓரத்தில் மட்டுமா? படம் முழுக்க ஒரே திசை என்றால் டிராக்கிங் அல்லது வளைவு. மூலையில் மட்டும் என்றால் கேமராவின் இடைவெளி அல்லது சாய்வு. ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமாக நீண்டிருந்தால் ஃபீல்ட் ரொட்டேஷன், அதாவது படமே சுழல்வது.

இரண்டு, டித்தரிங்கை (ஃபிரேமுக்கு ஃபிரேம் வேண்டுமென்றே சற்று நகர்த்துவது) நிறுத்திவிட்டு ஒரே இலக்கில் 20 ஃபிரேம் எடுங்கள். முதல் ஃபிரேமையும் கடைசி ஃபிரேமையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஒரு நட்சத்திரம் எத்தனை பிக்சல் நகர்ந்திருக்கிறது என்று எண்ணுங்கள். இந்த ஒரு சோதனை பத்து ஊகத்தை மிச்சப்படுத்தும்.

மூன்று, நீட்சி ஆர்ஏ (வானில் கிழக்கு-மேற்கு) திசையிலா, டெக் (வடக்கு-தெற்கு) திசையிலா? ஒரு ஃபிரேமை பிளேட் சால்வ் (படத்தில் உள்ள நட்சத்திரங்களை வைத்து அது வானில் எந்த இடம் என்று கண்டுபிடிப்பது) செய்தால் படத்தின் சுழற்சிக் கோணம் வரும். அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

மன்னவனூர் மேடு

நேற்று எடுத்தேன் அண்ணா. 180 நொடி, 20 ஃபிரேம், ரோசெட் நெபுலா, உச்சியைத் தாண்டியபின். முதலுக்கும் கடைசிக்கும் 75 பிக்சல் நகர்வு. நேர்கோட்டில், ஒரே வேகத்தில். ஒவ்வொரு ஃபிரேமிலும் நீட்சி 4 பிக்சல் வாக்கில், படம் முழுக்க ஒரே திசை. அந்தத் திசை ஆர்ஏ-வும் இல்லை, டெக்கும் இல்லை, சாய்வாக இருக்கிறது.

குந்தா கூர்நோக்கி

அப்படியானால் விடை கணக்கிலேயே இருக்கிறது.

பட அளவு = 206.265 × 3.76 ÷ 480 = பிக்சலுக்கு 1.62 ஆர்க் செகண்ட். ஒரு மணி நேரத்தில் 75 பிக்சல் என்றால் 121 ஆர்க் செகண்ட். மூன்று நிமிடத்துக்கு 6 ஆர்க் செகண்ட், அதாவது நீங்கள் சொன்ன அதே 4 பிக்சல். ஃபிரேமுக்குள் இருக்கும் நீட்சியும் ஃபிரேமுக்கு ஃபிரேம் நகர்வும் ஒத்துப்போகின்றன. கைடு கேமரா தன் நட்சத்திரத்தை இறுகப் பிடித்திருக்கிறது, முதன்மைக் குழாய் வேறெங்கோ மெல்ல நழுவுகிறது. மவுண்ட் மேல் குற்றமே இல்லை. கைடுஸ்கோப்புக்கும் குழாய்க்கும் இடையில் ஏதோ வளைகிறது. டிஃபரென்ஷியல் ஃபிளெக்ஷர் என்பது இதுதான். ஆர்ஏ, டெக் இரண்டிலும் சேராத சாய்வான திசையும் அதற்கே சாட்சி.

எவ்வளவு வளைந்தால் இது வரும் தெரியுமா? கைடுஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு வளையத்துக்கும் இடையே 160 மிமீ என்று வைப்போம். 121 ஆர்க் செகண்ட் சாய, ஒரு வளையம் 0.09 மிமீ நகர்ந்தால் போதும். ஒரு ஏ4 தாளின் தடிமன். பிளாஸ்டிக் நுனி வைத்த மூன்று திருகு, ஸ்பிரிங் வைத்த ஃபைண்டர் ஷூ, இதெல்லாம் அந்த அளவுக்குத் தாராளமாக இடம் கொடுக்கும்.

செய்ய வேண்டியது, இந்த வரிசையில்:

ஃபைண்டர் ஷூவைக் கழற்றுங்கள். கைடுஸ்கோப்பை குழாய் வளையங்களின் மேல் ஒரு டவ்டெயில் பட்டையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். நைலான் நுனித் திருகு இருந்தால் மாற்றிவிட்டு, முழு வளையமாகக் கவ்வும் கிளாம்ப் போடுங்கள். கைடு கேமராவின் கேபிள் கீழே தொங்கக்கூடாது. கேமராவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் குழாயோடு சேர்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த எடையே இழுக்கும். பிறகு முதன்மைப் பக்கம்: ஃபோகசரின் லாக் திருகு, ஃபிளாட்னர் மரை, கேமரா மரை. ஃபோகசர் டிராடியூப் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், பலர் கைடுஸ்கோப்பை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகும் 20 ஃபிரேமில் 10 பிக்சலுக்கு மேல் நகர்ந்தால் ஆஃப்-ஆக்ஸிஸ் கைடர்தான் (முதன்மைக் குழாயின் ஒளியிலேயே கைடு செய்வது) முடிவு. 480 மிமீக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து. இறுக்கிப் பிடித்த கைடுஸ்கோப்பே போதும்.

கோத்தகிரி விடிவெள்ளி

குந்தா சார், இதில் எனக்கு ஒரு மறுப்பு. அவர் இடத்தில் போலரிஸ் (துருவ நட்சத்திரம்) 10 டிகிரி உயரத்தில்தான் தெரியும். அலைன்மென்ட் 10 ஆர்க் நிமிடம் தவறி இருந்தால் ஃபீல்ட் ரொட்டேஷனிலும் நட்சத்திரம் நீளுமே? முதலில் அதை ஒதுக்கிவிட்டு வளைவுக்குப் போகலாமே.

குந்தா கூர்நோக்கி

நியாயமான கேள்வி, எண் போட்டே பார்ப்போம். 10 ஆர்க் நிமிடத் தவறில் ஒரு மணி நேரத்தில் படம் சுழல்வது அதிகபட்சம் 2.6 ஆர்க் நிமிடம் வாக்கில். கைடு நட்சத்திரத்திலிருந்து 1500 பிக்சல் தள்ளி இருக்கும் நட்சத்திரம் அதில் ஒரு பிக்சலுக்குச் சற்று மேல் நகரும். அதுவும் ஒரு மணி நேரத்தில். மூன்று நிமிடத்தில் கண்ணுக்கே தெரியாது. ரோசெட் வானநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். துருவத்துக்குப் பக்கத்தில் உள்ள இலக்கு என்றால் கூடும்.

அதே 10 ஆர்க் நிமிடம் டெக் திசையில் நிமிடத்துக்கு 2.6 ஆர்க் செகண்ட் வரை நகர்வைக் கொடுக்கும். கைடிங் இல்லாமல் எடுப்பவருக்கு அது பெரிய விஷயம். கைடிங் இருந்தால் பிஎச்டி2 அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 75 பிக்சலுக்கு அலைன்மென்ட் காரணமில்லை என்றேன். அலைன்மென்ட் தேவையில்லை என்று சொல்லவில்லை.

வட்டக்கானல் வானம்

அலைன்மென்ட் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நம் மலைகளுக்கு இது தனிப் பாடம். மவுண்டோடு வரும் கையேடுகள் 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவரை மனதில் வைத்து எழுதியவை. நமக்குக் கொடைக்கானலில் 10.2, ஊட்டியில் 11.4.

போலரிஸ் இப்போது உண்மையான துருவத்திலிருந்து 38 ஆர்க் நிமிடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. 10 டிகிரி உயரத்தில் காற்று ஒளியை வளைத்து அதைத் தூக்கிக் காட்டும். கடல்மட்டத்தில் அந்தத் தூக்கல் 5 ஆர்க் நிமிடத்துக்குச் சற்று மேல். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கும் 2343 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் முக்கால் பங்குதான், அதனால் 4 வாக்கில் வரும். அலைன்மென்ட் பார்க்க உதவும் ஷார்ப்கேப் மென்பொருளில் ஒளிவிலகலுக்குச் சரிக்கட்டும் தேர்வு உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். மற்ற மென்பொருளிலும் செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள்.

வடக்கே மலையோ சோலையோ யூகலிப்டஸோ மறைத்தால் கவலை வேண்டாம். ஷார்ப்கேப்புக்கு துருவத்தைச் சுற்றி ஏறத்தாழ 5 டிகிரிக்குள் உள்ள வானம் தெரிய வேண்டும். நைனாவின் மூன்று-புள்ளி அலைன்மென்ட் பிளகின் அப்படி இல்லை. வானத்தில் எந்தப் பகுதியிலும் மூன்று இடம் படமெடுத்து பிளேட் சால்வ் செய்து தவற்றைச் சொல்லிவிடும். கிழக்கிலோ மேற்கிலோ 40 டிகிரிக்கு மேல் திறந்த வானம் இருந்தால் போதும்.

எதுவுமே இல்லாத இரவுக்கு பழைய டிரிஃப்ட் முறை. வானநடுக்கோட்டுக்கு அருகே, உச்சிக்கோட்டில் இருக்கும் நட்சத்திரத்தைப் பாருங்கள். நமக்கு அது தலைக்கு மேலேயே, தெற்கே 10 டிகிரி சாய்ந்து இருக்கும். மங்கல் குறைந்த வானம், நமக்குக் கிடைத்த வரம். நட்சத்திரம் வடக்கே நகர்ந்தால் மவுண்ட் மேற்கே அதிகம் திரும்பியிருக்கிறது, தெற்கே நகர்ந்தால் கிழக்கே. பிறகு கிழக்கு வானில் தாழ்வாக உள்ள நட்சத்திரம்: வடக்கே நகர்ந்தால் அச்சு உயரமாக இருக்கிறது, தெற்கே என்றால் தாழ்வாக.

உயரம் சரிசெய்யும்போது கடைசித் திருப்பம் எப்போதும் மேல்நோக்கியே இருக்கட்டும். இந்த அட்சரேகையில் அச்சு கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது. மொத்த பாரமும் தூக்கும் போல்ட் மேலேதான். இறக்கி நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தானாக இன்னும் இறங்கும். போல்ட்டைத் திருகும்போது மற்றொரு கையால் எடைக்கம்பியைத் தாங்கிப் பிடித்தால் மரை தேயாது.

ஊட்டி பக்கம் முத்தோரைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளத்துக்கு வடக்கு-தெற்காக ஒரு சரிவில் படுத்திருக்கிறது. அந்தச் சரிவு 11 டிகிரி வாக்கில், அந்த இடத்தின் அட்சரேகையே அது. அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் ஒரு போல்ட்டில் செய்வதை அங்கே மலையே செய்கிறது.

பூம்பாறை பனி

இரண்டாவது கோளாறு, கோ-டூ விலகல். ஒரு கேள்வி தம்பி: ஹோம் பொசிஷனில் (மவுண்டின் தொடக்க நிலையில்) எடைக்கல் முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கிறதா? விலகும் நாட்களில் அந்தக் காலில் பெயின்ட் உரசல் இருக்கிறதா பாருங்கள்.

மன்னவனூர் மேடு

இருக்கிறது. கம்பியின் நுனியில் ஒரே 5 கிலோ கல். காலில் வெள்ளைக் கீறல் விழுந்திருக்கிறது. லேசாகத்தான் உரசுகிறது என்று விட்டுவிட்டேன்.

பூம்பாறை பனி

அதுதான். லேசாக உரசினாலும் ஸ்டெப்பர் மோட்டார் சில ஸ்டெப் தவறவிடும். தவறியது மவுண்டுக்குத் தெரியாது, தான் சரியான இடத்தில் இருப்பதாகவே நினைக்கும். மவுண்டைப் பூட்டும் நாளுக்கு நாள் கல் இருக்கும் இடம் சற்று மாறும், அதனால்தான் சில நாள் சரி, சில நாள் தவறு.

அட்சரேகை குறையக் குறைய மவுண்டின் தலை வடக்கே தள்ளிப்போகிறது, எடைக்கம்பியும் கிட்டத்தட்டச் செங்குத்தாக வடக்குக் காலுக்கு மேலேயே தொங்குகிறது. 45 டிகிரியில் இந்தச் சிக்கலே வராது.

இரண்டு வழி சொல்வார்கள். முக்காலியைத் திருப்பி வடக்கே இரண்டு கால் வருமாறு வைப்பது ஒன்று. கல் நடுவில் புகுந்துவிடும். ஆனால் உச்சிக்கு அருகே இலக்கு வரும்போது குழாயின் கேமரா முனை வடகிழக்கு அல்லது வடமேற்குக் காலில் வந்து நிற்கும். ரோசெட் உங்களுக்கு 85 டிகிரி உயரத்தில் கடக்கிறது, இடிப்பதற்கு அதைவிடத் தோதான இடம் இல்லை. அதோடு பாரம் முழுக்க வடக்கே சாய்ந்திருக்கும்போது, அந்தப் பக்கம் தாங்கும் விளிம்பும் நடுவுக்கு நெருங்கிவிடும். காற்றில் கவிழும் அபாயம் கூடும். எனக்கு இது பிடிக்காத வழி.

நல்ல வழி, வடக்கே ஒரு காலை அப்படியே வைத்து, முக்காலிக்கும் தலைக்கும் நடுவே 15 முதல் 20 செமீ எக்ஸ்டென்ஷன் பில்லர் போடுவது. உயரம் கூடுகிறதே என்று காலை நீட்டாதீர்கள், முழுக்கச் சுருக்கியே வையுங்கள். இரண்டாவது வேலை, கம்பி நுனியில் ஒரு கல்லுக்குப் பதில் இரண்டு கல் வாங்கி அச்சுக்கு நெருக்கமாக ஏற்றுங்கள். கல் மேலே வந்தால் காலை எட்டாது, காற்றடித்தால் ஆட்டமும் குறையும்.

இன்னொன்று: புல்வெளி மண் இங்கே பஞ்சு மாதிரி. ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு சதுர அடி கடப்பாக்கல் துண்டு போடுங்கள். இரவில் ஈரம் ஏற ஏற ஒரு கால் 2 மிமீ அழுந்தினாலும் அலைன்மென்ட் பல ஆர்க் நிமிடம் போய்விடும்.

கோத்தகிரி விடிவெள்ளி

மெரிடியன் ஃபிளிப் (இலக்கு உச்சிக்கோட்டைத் தாண்டும்போது மவுண்ட் மறுபக்கம் புரள்வது) ஆனபின் டெக் கோடு ஒரே பக்கமாக எகிறிப் போவது எனக்கு அடிக்கடி நடக்கிறது. இதுவும் கால் இடிப்பதாலா?

குந்தா கூர்நோக்கி

இல்லைங்க, அது வேறு. எகிறும் வேகம் போகப் போகக் கூடினால் டெக் திருத்தம் தலைகீழாகப் போகிறது என்று அர்த்தம். வலப்பக்கம் விலகினால் இன்னும் வலப்பக்கமே தள்ளும். பிஎச்டி2-வில் ஃபிளிப்புக்குப் பின் டெக்கைத் தலைகீழாக்கும் டிக் ஒன்று இருக்கிறது. மெனுவில் ஃபிளிப் கேலிப்ரேஷன் சோதிக்கும் கருவியும் உண்டு, அதை ஒருமுறை ஓட்டினால் டிக் வேண்டுமா வேண்டாமா என்று அதுவே சொல்லும். கேலிப்ரேஷனை வானநடுக்கோட்டுக்கு 20 டிகிரிக்குள், உச்சிக்கோட்டுக்கு அருகே வைத்துச் செய்யுங்கள். தெற்கே தாழ்வாக இருக்கும் கரினாவில் போய்ச் செய்தால் ஆர்ஏ நகர்வு பாதியாகச் சுருங்கி, கணக்கு தப்பும்.

மெதுவாக விலகி, பிறகு சட்டென்று தாவினால் அது பேக்லாஷ், அதாவது பற்சக்கரங்களுக்கு நடுவே உள்ள தளர்வு. பிஎச்டி2-வின் கைடிங் அசிஸ்டென்ட் அளந்து சொல்லும். குளிரில் இன்னொரு விஷயம்: கோவையிலோ மதுரையிலோ 30 டிகிரி வெயிலில் வார்மை (பற்சக்கரத்தைச் சுழற்றும் திருகுத் தண்டு) இறுக்கிக்கொண்டு மலைக்கு வந்தால் 5 டிகிரியில் அது பிடித்துக்கொள்ளும். வெளிக்கூடு அலுமினியம், பற்சக்கரம் பித்தளை. ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு சுருங்கும், பித்தளை 19 பங்குதான். கூடு அதிகம் சுருங்கி, பல்லை வார்மோடு நெருக்கும். அதனால் இந்த வேலையை மலையிலேயே, மவுண்டை ஒரு மணி நேரம் வெளியே குளிரவிட்டபின் செய்ய வேண்டும். கிரப் திருகை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். எச்ஈக்யூ5-வில் 135 பல், ஈக்யூ6-ஆரில் 180. ஒரு பல்லில் சரியாக இருப்பது இன்னொரு பல்லில் பிடிக்கும், முழுச் சுற்று சுற்றிப் பார்த்தபின்தான் பூட்ட வேண்டும்.

பீரியாடிக் எரரை (சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் தவறு) சந்தேகித்தால் அந்தப் பல் எண்ணிக்கையே துப்பு. பூமி ஒருமுறை சுழல எடுக்கும் 86164 நொடியை 135-ஆல் வகுத்தால் 638. எச்ஈக்யூ5-வில் 10 நிமிடம் 38 நொடிக்கு ஒருமுறை ஆர்ஏ கோடு ஏறி இறங்கினால் அது வார்ம். ஈக்யூ6-ஆருக்கு 8 நிமிடம் வாக்கில். வேறு காலஇடைவெளியில் வந்தால் வார்மைத் தொடவேண்டாம், இடைப் பற்சக்கரத்தையோ பெல்ட்டையோ பாருங்கள்.

எமரால்டு இரவு

நாலாவது கோளாறை நான் எடுத்துக்கொள்கிறேன். வோல்டேஜை எங்கே அளந்தீர்கள்? பேட்டரி முனையிலா, மவுண்ட் பிளக்கிலா? மவுண்டின் பவர் விளக்கு மினுக்கியதா?

மன்னவனூர் மேடு

பேட்டரியில் 11.9. பிளக்கில் அளக்கவில்லை. ஆம், விளக்கு மினுக்கியது. பேட்டரிக்கும் மவுண்டுக்கும் 3 மீட்டர் ஒயர், ஸ்பீக்கர் ஒயர் மாதிரி மெல்லிசு.

எமரால்டு இரவு

விளக்கு மினுக்குவதே வோல்டேஜ் குறைகிறது என்ற எச்சரிக்கை.

உங்கள் சுமை: மவுண்ட் 1 ஆம்பியர், கேமரா கூலரோடு 1.5, மினி பிசி 1.5, பனி ஹீட்டர் 1. மொத்தம் 5. இரவு 7 முதல் 1 வரை 6 மணி நேரத்துக்கு 30 ஆம்பியர்-அவர். பேட்டரியில் 42 என்று எழுதியிருப்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இழுத்தால், அதுவும் 25 டிகிரியில். 5 டிகிரி குளிரில் 85 சதவீதம் வாக்கில்தான் தரும், 5 ஆம்பியர் இழுத்தால் இன்னும் குறையும். கையில் கிடைப்பது 30-க்குச் சற்று மேல். ஒரு மணிக்கு அது தீர்ந்துபோவதில் அதிசயமே இல்லை.

அதற்கு மேல் ஒயர். 0.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் 3 மீட்டர், போக வர 6 மீட்டர், தடை 0.2 ஓம். 5 ஆம்பியரில் ஒயரிலேயே 1 வோல்ட் போகிறது. பேட்டரியில் 11.9 இருந்தால் பிளக்கில் 10.9. எச்ஈக்யூ5 குறைந்தது 11 கேட்கும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டாக இறங்கும். மீட்டர் கணக்கில் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். சிகரெட் லைட்டர் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, திருகிப் பூட்டும் பிளக் போடுங்கள். பேட்டரியை ஒட்டி, பாசிட்டிவ் ஒயரில் 10 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

சோதனை: கூலர், ஹீட்டர் எல்லாம் ஓடும்போது இரண்டு அச்சையும் முழு வேகத்தில் சுழற்றி, மவுண்ட் பிளக்கில் மல்டிமீட்டர் வையுங்கள். 12-க்கு மேல் நின்றால் நிம்மதி.

எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரிக்கு மாறினால் இரவு முழுக்க 13 வோல்ட் பக்கத்தில் நிற்கும், எடையும் பாதிக்கும் குறைவு. ஒரே எச்சரிக்கை: பூஜ்ஜியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் ஏற்றக்கூடாது. ஜனவரியில் அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழும் காலையில், வெளியே கிடந்த பேட்டரியை நேராகச் சார்ஜரில் போடாதீர்கள். வீட்டுக்குள் இரண்டு மணி நேரம் வைத்தபின் போடுங்கள்.

கேமரா மட்டும் தனியாகத் துண்டித்தால் யூஎஸ்பி ஹப்பைப் பாருங்கள். ஹப்புக்குத் தனியாக 12 வோல்ட் கொடுங்கள். யூஎஸ்பி 3 கேபிளை 3 மீட்டருக்குள் வையுங்கள்.

வட்டக்கானல் வானம்

மூன்றாவதற்கு வருகிறேன், இதுதான் இந்த மலைகளில் கேமராவை அதிகம் கெடுப்பது. நடுவில் மங்கல் கறை மூன்று இடத்தில் இருந்து வரலாம்.

முன் லென்ஸில் பனி என்றால் முழுப் படமும் மங்கும், பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஒளிவட்டம் வரும். டார்ச்சைச் சாய்வாக அடித்தாலே தெரியும். கேமரா ஜன்னலின் வெளிப்பக்கம் பனி என்றால் நடுவில் வட்டமாகத் தொடங்கும். கூலரை நிறுத்திப் பத்து நிமிடத்தில் கறை போய்விடும். சென்சார் அறைக்குள் ஈரம் உறைந்தால் கீறல் போல, இலை நரம்பு போலத் தெரியும், கூலரை மறுபடி போட்டதும் திரும்ப வரும். மூன்றிலும் ஃபிளாட் உதவாது. ஃபிளாட் எடுக்கும்போது இருந்த பனியும் படம் எடுக்கும்போது இருந்த பனியும் ஒன்றல்ல.

முன் லென்ஸுக்கு ஹீட்டர் பட்டை. லென்ஸ் கூண்டை ஒட்டிக் கட்டுங்கள், டியூஷீல்டின் (லென்ஸுக்கு முன் நீளும் பனித் தடுப்பு) நுனியில் அல்ல. சொந்தமாகச் செய்ய 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் 20-ஐ பேரலலாக இணைத்தால் 12 வோல்ட்டில் 6 வாட், அரை ஆம்பியர். ஒவ்வொன்றிலும் 0.3 வாட்தான் போகும், சூடு தாங்கும். 80 மிமீ குழாயைச் சுற்றிவர அந்த நீளம் பொருந்தும். துணிப் பட்டையில் தைத்து வெல்க்ரோ ஒட்டுங்கள். பனி விழுந்தபின் போடாதீர்கள், சூரியன் மறைந்ததும் போட்டுவிடுங்கள். விழுந்ததைக் காயவைப்பதற்கு இன்னும் அதிக மின்சாரம் வேண்டும், உங்கள் பேட்டரி அதைத் தாங்காது.

கேமராவை -10-க்குக் குளிரவைக்க வேண்டுமா என்பதை மறுபடி யோசியுங்கள். இப்போதைய சென்சார்களில் 0 டிகிரியில் வரும் டார்க் நாய்ஸ், வானத்தின் சொந்த வெளிச்சம் தரும் நாய்ஸைவிட மிகக் குறைவு. 0-வில் வைத்தால் ஜன்னல் அவ்வளவு குளிராது, பனியும் படியாது. டார்க் ஃபிரேமை (மூடி போட்டு எடுக்கும் இருட்டுப் படம்) அதே 0-வில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் ஹீட்டர் உள்ள கேமரா என்றால் மென்பொருளில் அதை ஆன் செய்யுங்கள்.

உள்ளே உறைகிறது என்றால் டெசிகன்ட் (ஈரம் உறிஞ்சும்) மாத்திரை செறிந்துவிட்டது. சிலிக்கா ஜெல்லை 110-120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீளும். கேமரா அறையைத் திறக்கும் வேலையை மூடுபனி நாளில் செய்யவே கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் வெயிலடிக்கும் மத்தியானத்தில், ஜன்னல் சாத்திய அறையில் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

முடித்துக் கிளம்பும்போது குழாயை வெளியிலேயே பையில் போட்டு மூடி, பிறகு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வெதுவெதுப்பான அறையில் நேராகத் திறந்தால் குளிர்ந்த கண்ணாடியில் நீர் கோர்த்துவிடும். காலையில் பையைத் திறந்து நன்றாகக் காய்ந்தபின்தான் மூடி போடவேண்டும். ஈர லென்ஸுக்கு மூடி போட்டு மழைக்காலம் முழுக்க பீரோவில் வைத்தால் பூஞ்சணம் கோட்டிங்கையே தின்னும், அதைத் துடைத்தெடுக்க வழியில்லை. காற்றுப்புகாத டப்பாவில் ஈரப்பதம் 40-50 சதவீதம் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ஹைக்ரோமீட்டரை உள்ளே போட்டு வைப்பது நல்லது.

மன்னவனூர் மேடு

மூன்று இரவு சோதித்தேன். முடிவுகள்:

கைடுஸ்கோப்பை குழாய் வளையத்தின் மேல் போல்ட் போட்டேன். ஃபோகசரும் தளர்ந்துதான் இருந்தது. 20 ஃபிரேமில் நகர்வு 75-இலிருந்து 7 பிக்சலுக்கு இறங்கியது. 3 நிமிட ஃபிரேமில் நட்சத்திரம் வட்டம்.

எடைக்கல் இரண்டாக்கி மேலே ஏற்றியதும் கால் உரசல் இல்லை, மூன்று நாளும் கோ-டூ பிசகவில்லை. பில்லர் இன்னும் வாங்கவில்லை.

2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டு, மினி பிசிக்கு வேறு பேட்டரி கொடுத்தேன். 1 மணிக்கு மவுண்ட் பிளக்கில் 12.1. காலை 4 வரை ஓடியது.

கேமரா 0 டிகிரியில். கறை ஒரு இரவு வரவில்லை, மறு இரவு கூலரை நிறுத்தியதும் போனது. அப்படியானால் ஜன்னலின் வெளிப்பக்கம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நடு நட்சத்திரம் வட்டமாக ஆனபின்தான் தெரிகிறது: நாலு மூலையிலும் நட்சத்திரம் நடுவிலிருந்து வெளியே பாய்வது போல நீண்டிருக்கிறது. ஃபிளாட்னரிலிருந்து சென்சார் வரை 55 மிமீ சரியாக வைத்திருக்கிறேன். நடுவில் 2 மிமீ ஃபில்டர் ஒன்று உண்டு.

குந்தா கூர்நோக்கி

நடுவிலிருந்து வெளியே பாய்வது போல நீண்டால் பெரும்பாலும் சென்சார் ஃபிளாட்னருக்கு அருகில் இருக்கிறது. நடுவைச் சுற்றி வளைந்தால் தூரத்தில் இருக்கிறது. 2 மிமீ ஃபில்டர் கண்ணாடி ஒளிப்பாதையை அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.7 மிமீ பின்னுக்குத் தள்ளும். உங்களுக்கு வேண்டியது 55.7. எம்42 அல்லது எம்48 மரைக்கு 0.5 மிமீ, 0.2 மிமீ ஸ்பேசர் வளையங்கள் செட்டாகக் கிடைக்கும். முதலில் 0.7 போட்டு எடுங்கள், பிறகு 0.2 கூட்டியும் குறைத்தும் பாருங்கள்.

நாலு மூலையும் ஒரே அளவு கெட்டிருந்தால்தான் இது இடைவெளி. ஒரு பக்கம் மட்டும் மோசம் என்றால் கேமரா சாய்ந்திருக்கிறது. அப்போது கேமராவை 90 டிகிரி சுழற்றி மறுபடி எடுங்கள். கெட்ட மூலை படத்தில் அதே இடத்தில் நின்றால் சாய்வு கேமராப் பக்கம். இடம் மாறினால் ஃபோகசர் பக்கம்.

மன்னவனூர் மேடு

நாலு மூலையும் ஒரே அளவு. ஸ்பேசர் செட் ஆர்டர் போட்டுவிட்டேன். அமாவாசைக்கு முன் வந்துவிட்டால் மூலைப் படத்தை 55.5, 55.7, 55.9 என்று மூன்றாகப் போடுகிறேன்.